ஊறினால் உணவாகும் விதை

சில காலமாக நம் நாட்டுக் கடைகளிலே ஒரு புதிய விதை வந்து வீற்றிருக்கின்றது. எள்ளினும் சிறியது, கருமையும் வெண்மையும் சாம்பலும் கலந்த வரிகளை உடையது, ‘சியா’ என்னும் பெயர் பொறித்த பைகளில் அடைக்கப்பெற்று, நாம் நாளாந்தம் உண்ணும் தானியங்களைவிடப் பன்மடங்கு உயர்ந்த விலைக்கு விற்கப்படுகின்றது. இதனைப் பாலில் ஊறவைத்துப் புடிங் செய்து உண்டால் உடல் மெலியும், நீரிழிவு நீங்கும், இதயம் வலுப்பெறும், முதுமை அணுகாது என்றெல்லாம் ஒருவர் வாய்மொழியாக மற்றொருவர் செவியை எட்டுகின்றது. தாய்மார் வியப்போடு கேட்கின்றனர், தந்தையர் விலையைப் பார்த்துப் பெருமூச்செறிகின்றனர், மாணவரோ, “இது நமது கசகசாவின் மறுபெயர்தானே?” என்று எம்மையே வினவுகின்றனர்.

இம்மூன்று திறத்தாருக்கும் விடை கூறுதல் நன்று. புதியது என்பதனால் ஒன்றை இகழ்தலும் தவறு. அயல்நாட்டிலிருந்து வந்தது என்பதனால் அதனைச் சஞ்சீவி மூலிகையாகக் கொண்டாடுதலும் தவறு. இந்த விதை யாது, எங்கிருந்து வந்தது, அதனால் உண்மையில் விளையும் பயன் எவ்வளவு, எங்கே எச்சரிக்கை வேண்டும், அது கிடையாதவிடத்து எதனைக் கொள்ளலாம் என்பவற்றை முறையாக ஆராய்வோம்.

பெயரால் வரும் மயக்கம்

முதலிற் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இலங்கையில் நாம் ‘கசகசா’ என்று அழைப்பது, பலூடாவிலும் சர்பத்திலும் மிதக்கின்ற கரிய விதையாகும். நீரில் இட்டவுடன் வெண்மையான ஆடை போர்த்தாற்போல உப்பி நிற்கும் இவ்விதை, திருநீற்றுப்பச்சிலை என்னும் நறுமணச் செடியிலிருந்து கிடைப்பது. தமிழகத்திலோ கசகசா என்றால், குருமாவில் அரைத்துச் சேர்க்கும் வெண்மையான அபினிச் செடியின் விதை. நமது கசகசாவை அங்கே ‘சப்ஜா’ விதை என்பர். ஆதலால், தமிழகத்துச் சமையற் புத்தகத்தைப் பார்த்து, “கசகசாவை அரைத்துவிடுக” என்ற வரியை நம்பி, பலூடாவுக்குரிய விதையை அம்மியில் இடும் புதுமணப்பெண் திகைத்துப் போவதில் வியப்பில்லை.

சியா இவ்விரண்டுமன்று. ஆயினும் நமது கசகசாவுக்கு அது நெருங்கிய உறவு. துளசி, திருநீற்றுப்பச்சிலை, புதினா ஆகியவை எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையோ அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது சியாச் செடியும். ஊதா அல்லது வெண்ணிறப் பூக்களைக் கதிர்போலத் தாங்கி நிற்கும் அச்செடியைக் கண்டால், நம் முற்றத்துத் துளசியை உடனே நினைவு கூர்வோம். சுவீடன் நாட்டுத் தாவரவியலறிஞர் லின்னேயசு 1753ஆம் ஆண்டில் இதற்குச் சூட்டிய பெயர் ‘சல்வியா ஹிஸ்பானிக்கா’ என்பது. ‘ஹிஸ்பானிக்கா’ என்றால் ஸ்பெயின் தேசத்தது என்று பொருள்படும். ஆனால் செடியின் பிறப்பிடம் ஸ்பெயின் அன்று; அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் உள்ள மெக்சிக்கோவும் குவாத்தமாலாவுமே. பெயர்களை நம்பிப் பொருளை அறிய முயல்வோர்க்கு இஃது ஒரு நல்ல பாடம்.

பேரரசுக்குத் திறையாக வந்த விதை

மெக்சிக்கோவில் அஸ்ரெக் மக்கள் பேரரசு செலுத்திய காலத்திலே சோளம், அவரை, முளைக்கீரையினத்துத் தானியம் ஆகியவற்றோடு சியாவும் அவர்களுடைய முதன்மையான உணவுப் பொருள்களில் ஒன்றாக விளங்கிற்று. வென்ற நாடுகள் தலைநகருக்குச் செலுத்த வேண்டிய திறைப் பொருள்களில் சியாவும் இடம்பெற்றிருந்தது. ஸ்பானியர் வந்த பின்னர், பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வரையப்பெற்ற ‘மென்டோசா சுவடி’ என்னும் சித்திரச் சுவடியில் இத்திறைக் கணக்கினை இன்றும் காணலாம். அதே நூற்றாண்டில் பெர்னார்டினோ டி சஹாகுன் என்ற பாதிரியார், அம்மக்களின் நஹுவாத்தல் மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் தொகுத்த பெரு நூலிலும் சியாவின் செய்தி வருகின்றது. விதையை வறுத்து மாவாக்கினர், நீரிற் கரைத்துப் பருகினர், மருந்திலும் சேர்த்தனர், எண்ணெயெடுத்து மரப்பாத்திரங்களுக்குப் பளபளப்பான மெருகு பூசவும் பயன்படுத்தினர்.

1521ஆம் ஆண்டில் தலைநகர் வீழ்ந்தது. கோதுமை முதலிய புதிய பயிர்கள் புகுந்தன. கோயிற் சடங்குகளோடும் அரண்மனைத் திறையோடும் பிணைந்திருந்த பழைய பயிர்கள் தம் பெருமையை இழந்தன. சியா முற்றாக மறையவில்லை. மெக்சிக்கோவிலும் குவாத்தமாலாவிலும் ஊர்ப்புற மக்கள் அதனைக் காத்தனர். தேசிக்காய்ப் புளியும் சீனியும் கலந்த நீரில் இவ்விதையை ஊறவிட்டுக் கோடைகாலத்திலே பருகும் வழக்கம் அங்கே இன்றும் உண்டு. நம் நாட்டுச் சர்பத்துக்கு அதனினும் நெருங்கிய உறவு வேறெது? கடல்கள் பல இடையிலே கிடந்தபோதிலும், வெயிலால் வாடிய இரு மக்களும் ஊறிய விதையிலே ஒரே குளிர்ச்சியைக் கண்டனர் என்பது சிந்திக்கத் தக்கது.

1990களில் ஆர்ஜன்ரீனாவிலும் அமெரிக்காவிலும் இருந்த ஆய்வாளர் சிலர் இப்பயிரை மீண்டும் பெருமளவில் விளைவிக்க முயன்றனர். அதன் பின்னரே பொலிவியா, பரகுவே, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளில் அது வாணிபப் பயிராயிற்று. இந்தியாவில் மைசூர்ப் பகுதி உழவரும் இன்று அதனைப் பயிரிடுகின்றனர். 2009ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம், பாணில் குறித்த அளவுக்கு இதனைச் சேர்க்க அனுமதியளித்தது. நம் கடைக்கு வந்த வழி இதுவே.

நீரில் நிகழும் மாயம்

ஒரு தேக்கரண்டி சியாவை ஒரு கிண்ணம் நீரில் இட்டுப் பாருங்கள். மாணவர்கள் இதனை ஒரு சிறு பரிசோதனையாகவே செய்யலாம். சில நிமிடங்களில் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் கண்ணாடி போன்ற ஒரு கூழ்வளையம் தோன்றும். விதையின் மேற்றோலில் உலர்ந்து ஒடுங்கியிருந்த பசைப்பொருள் நீரைக் குடித்து இழை இழையாக விரிவதே இதற்குக் காரணம். தன் நிறையைப் போலப் பத்து மடங்குக்கு மேற்பட்ட நீரையும் இது பிடித்து வைத்துக்கொள்ளும். வெந்தயத்தை இரவில் ஊறவைத்து, காலையிலே அதன் வழுவழுப்பைக் கண்ட பாட்டிமார்க்கு இது புதுமையன்று. அங்கும் இத்தகைய பசைப்பொருளே வேலை செய்கின்றது.

வறண்ட நிலத்திலே விழுந்த விதை, பெய்த சிறு மழையைப் பற்றிப் பிடித்து முளைப்பதற்கு இயற்கை செய்துவைத்த ஏற்பாடு இது. அதனையே மனிதன் தன் உணவுக்குத் துணையாகக் கொண்டான். புடிங் என்றால் முட்டையும் வேண்டும், அல்லது சோளமா வேண்டும், அல்லது கடற்பாசி வேண்டும், அடுப்பும் வேண்டும். சியாப் புடிங்குக்கோ இவை எவையும் வேண்டா. பாலை இறுகச் செய்யும் வேலையை விதையே செய்துவிடுகின்றது.

காலைப் பசியும் கல்லூரியும்

இத்தகைய உணவொன்றைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. காலைப் பிரார்த்தனையின்போது வரிசையில் நின்ற மாணவன் ஒருவன் மயங்கிச் சாய்வதைக் காணாத ஆசிரியர் நம் நாட்டில் அரியர். அவனைத் தாங்கிச் சென்று நிழலில் இருத்தி, “காலையில் என்ன சாப்பிட்டாய், தம்பி?” என்று கேட்டால், “வெறுந்தேநீர், சேர்” என்ற விடையே பெரும்பாலும் வரும். மயங்கி விழுபவனை எல்லோரும் காண்கின்றனர். மயங்கி விழாமல், முதலாம் பாடம் முதல் இடைவேளை வரை கரும்பலகையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவரையோ எவரும் காண்பதில்லை. வெற்று வயிற்றிலே கணிதமும் ஏறாது, இலக்கணமும் ஏறாது.

பிள்ளைகள் உண்ணாமல் வருவதற்கு இரண்டு காரணங்களை நாம் காண்கின்றோம். ஒன்று, நேரமின்மை. தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் வீட்டில், விடியுமுன் புட்டவிக்கவும் இடியப்பம் பிழியவும் இயலாது போகின்றது. வாகனமோ காத்து நிற்பதில்லை. மற்றொன்று, இல்லாமை. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது பால்மாவுக்கு வரிசையில் நின்றதை எவரும் மறந்திரார். அந்த நெருக்கடியின் தழும்பு பல அடுக்களைகளில் ஆறவில்லை. நேரமின்மைக்கு இப்புடிங் ஒரு நல்ல மருந்து. ஏனெனில் இரவே செய்து வைத்துவிடலாம். இல்லாமைக்கு இது மருந்தன்று. அதற்குரிய வழியைப் பின்னர்க் கூறுவோம்.

செய்யும் முறை

இருவருக்குரிய அளவு இது: மட்டமாக அளந்த சியா விதை 4 மேசைக்கரண்டி, அதாவது 40 முதல் 45 கிராம் வரை, காய்ச்சி ஆறவைத்த பசுப்பால் 300 மில்லிலீற்றர், பனங்கட்டி அல்லது கித்துள் பாணி 1 மேசைக்கரண்டி அல்லது 2, ஏலக்காய்த் தூள் ஒரு சிட்டிகை, உப்பு ஒரு துளி, பருவத்துப் பழம் ஒரு கிண்ணம்.

பனங்கட்டியாயின் சிறிது வெந்நீரிற் கரைத்து வடித்து ஆறவைத்துக் கொள்ளுங்கள். கல்லும் மண்ணும் அதிலே கிடக்கும். விதையையும் ஒரு தட்டிலே பரப்பித் துப்புரவாக்குங்கள். பின்னர் பால், பாணி, ஏலம், உப்பு ஆகியவற்றை ஒரு கண்ணாடிப் போத்தலில் அல்லது கிண்ணத்தில் ஒன்றாக்கி, விதையைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்க வேண்டும். ஒருமிக்கக் கொட்டினால் விதைகள் கட்டிபட்டு, வெளியே கூழும் உள்ளே உலர்ந்த விதையுமாக நின்றுவிடும்.

செய்முறையின் நுட்பம் இங்கேதான் இருக்கின்றது. கலக்கி வைத்துவிட்டு அப்பாற் செல்லாதீர்கள். ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் ஒருமுறை அடிவரை கலக்குங்கள். மேலும் பத்து நிமிடம் கழித்து இன்னுமொருமுறை கலக்குங்கள். இவ்விரண்டு முறையும் கலக்கியவர்க்குப் புடிங் ஒரே சீராக இறுகும். சோம்பியவர்க்கு அடியிலே களியும் மேலே பாலுமாகப் பிரிந்து நிற்கும். அதன் பின் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். இரண்டு மணி நேரத்தில் உண்ணும் பக்குவம் வரும். இரவு முழுவதும் இருந்தால் இன்னும் நன்று. காலையில் மிகவும் இறுகியிருந்தால் சிறிது பால் விட்டு இளக்கலாம்; நீர்த்திருந்தால் ஒரு தேக்கரண்டி விதை சேர்த்து அரைமணி நேரம் பொறுக்கலாம்.

பழத்தை உண்ணும் வேளையிலேயே சேர்க்க வேண்டும். கறுத்தக்கொழும்பான் மாம்பழமோ, கதலி அல்லது இதரை வாழைப்பழமோ மிகப் பொருந்தும். பப்பாப்பழத்தையும் அன்னாசியையும் இரவே பாலில் இட்டுவைத்தால், அவற்றிலுள்ள நொதியங்கள் பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பை உண்டாக்கும். ஆகவே அவற்றை உண்ணும்போது மேலே தூவினாற் போதும்.

பசுப்பால் ஒவ்வாதார் தேங்காய்ப்பாலைக் கொள்ளலாம். தலைப்பால் கொழுப்பு மிக்கது. இரண்டாம் பாலோடு கலந்து, திரையாதபடி இளஞ்சூடாக்கி ஆறவைத்துப் பயன்படுத்துக. பச்சைத் தேங்காய்ப்பால் நம் வெப்பநிலையில் விரைவிற் புளித்துவிடும் என்பதை அறியாத இல்லத்தரசி இல்லை. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளில் பாலாயினும் தேங்காய்ப்பாலாயினும் இரவு முழுவதும் வெளியே வைத்தல் ஆகாது. அவர்கள் விதையை மட்டும் கொதித்தாறிய நீரில் அதிகாலையில் ஊறவிட்டு, அரைமணி நேரத்தின் பின் காய்ச்சிய பாலோடு கலந்து உடனே உண்ணலாம்.

மற்றுமொரு குறிப்பு. விதையிற் பாதியை அவ்வப்போது பொடித்துச் சேர்ப்பது நன்று. முழு விதை பலவேளைகளில் மெல்லப்படாமலே வயிற்றைக் கடந்துவிடும். 2012ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அரைத்த சியாவை உண்டவர்களின் இரத்தத்திலேதான் அதன் கொழுப்பமிலம் உயர்ந்தது. முழு விதையை உண்டவர்களிடம் அவ்வுயர்வு காணப்படவில்லை. பொடித்த விதை காற்றுப்பட்டால் சிக்கு மணம் பெறும். ஆதலால் வேண்டிய அளவுக்கு மாத்திரம் பொடியுங்கள்.

சத்தின் கணக்கு

ஒருவர் பங்குக்கு ஏறத்தாழ 20 கிராம் விதை வரும். அதிலே சுமார் 7 கிராம் நார்ப்பொருளும், 3 கிராமுக்குச் சற்று மேற்பட்ட புரதமும், 125 மில்லிகிராம் அளவு கல்சியமும், 3½ கிராம் அளவு அல்பா லினோலெனிக் அமிலம் என்னும் ஒமேகா-3 கொழுப்பும் உள. வெப்பப் பெறுமானம் 100 கிலோகலோரி அளவினது.

இவற்றுள் தலைசிறந்தது நார்ப்பொருளே. வளர்ந்தோர் ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ப்பொருளை உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. தவிடு நீக்கிய வெள்ளை அரிசியும் வெள்ளைப் பாணுமாக உண்ணும் நமக்கு அவ்வளவு கிடைப்பதில்லை. ஒரு கிண்ணப் புடிங் அதிற் கால்பங்குக்கு மேல் தந்துவிடுகின்றது. மலச்சிக்கலால் வருந்தும் முதியோர்க்கு இது பேருதவி. கூழாகிய நார், உணவு செரிக்கும் வேகத்தைத் தணித்து, மாச்சத்தினின்று பிறக்கும் சர்க்கரை இரத்தத்தில் மெல்ல மெல்லச் சேரச் செய்கின்றது. பசியும் சிறிது நேரம் தாமதித்தே வருகின்றது.

கல்சியத்தைப் பற்றி வணிகர் கூறுவதை மட்டும் சற்று நிறுத்து நோக்குதல் வேண்டும். “பாலைவிட ஐந்து மடங்கு கல்சியம்” என்கின்றனர். 100 கிராம் விதையை 100 கிராம் பாலோடு ஒப்பிட்டால் அஃது உண்மை. ஆனால் 100 கிராம் விதையை எவர் உண்பார்? ஒருவர் பங்காகிய 20 கிராமில் உள்ள கல்சியம், ஏறக்குறைய அரைக் கோப்பைப் பாலில் உள்ள அளவே. மேலும் விதைகளில் இயற்கையாக உள்ள பைற்றிக் அமிலம், கல்சியமும் இரும்பும் உடலிற் சேர்வதை ஓரளவு தடுக்கும். கணக்கிலே பொய்யில்லை, கணக்கை நிறுத்திய இடத்திலேதான் தந்திரம் இருக்கின்றது. மாணவர்கள் இதனை நன்கு மனங்கொள்ள வேண்டும்.

ஒமேகா-3 விடயத்திலும் இவ்வாறே. விதையில் உள்ள அமிலத்தை உடல், மீனில் உள்ள நீண்ட சங்கிலி அமிலங்களாக மாற்றிக்கொள்ள வேண்டும். அம்மாற்றம் மிகச் சிறிதளவே நிகழ்கின்றது. மீன் உண்பார்க்குச் சாளையும் நெத்தலியுமே இதற்கு மேலான வழி. மரக்கறி உணவினர்க்கு மாத்திரம் சியா, ஆளிவிதை முதலியவை குறிப்பிடத்தக்க துணையாகும்.

ஆய்வு கூறுவதும் கூறாததும்

2007ஆம் ஆண்டில் கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஆய்வாளர், நீரிழிவு உள்ள 20 பேருக்கு நாளொன்றுக்கு 37 கிராம் அளவில் சியாவை 12 வாரம் கொடுத்து நோக்கினர். அவர்களின் மேல் இரத்த அழுத்தம் ஏறத்தாழ 6 புள்ளி குறைந்தது. நற்செய்திதான். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது: அவர்கள் யாவரும் தம் வழமையான மருந்துகளை உட்கொண்டே இவ்விதையையும் உண்டனர்.

உடல் மெலிதல் பற்றிய பேச்சுக்கு 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வு விடை தருகின்றது. பருத்த உடலினர் 76 பேர் அதனை முடிவுவரை நிறைவேற்றினர். ஒரு சாரார் நாளுக்கு 50 கிராம் சியாவை 12 வாரம் உண்டனர். மறு சாரார் அது கலவாத மாற்றுணவை உண்டனர். இரு சாராருக்கும் உடல் நிறையில் வேறுபாடு காணப்படவில்லை. உண்ணும் சோற்றையும் சீனியையும் குறைக்காது, மேலே ஒரு கிண்ணம் புடிங்கையும் ஏற்றினால் உடல் எவ்வாறு மெலியும்? தராசின் ஒரு தட்டிலே மேலும் ஒரு படியை வைத்துவிட்டு, அத்தட்டு உயரவில்லையே என்று வருந்துவது போலன்றோ இது!

நீரிழிவு நம் சமூகத்தில் வேரூன்றிவிட்ட நோய். மருந்துச் செலவும் ஏறியிருக்கின்றது. இந்நிலையில், விதையை உண்டால் குளிசையை நிறுத்திவிடலாம் என்ற ஆசை எழுவது இயல்பு. அந்த ஆசையே ஆபத்தின் வாயில். கண்ணின் ஒளியும், சிறுநீரகமும், காலும் அதற்கு விலையாகிவிடும். விதை உணவு, குளிசை மருந்து. உணவு மருந்துக்குத் துணை செய்யுமேயன்றி அதன் இடத்தைப் பெறாது. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் இரத்தம் உறையாமைக்கும் மருந்து உண்போரும், சிறுநீரக நோயாளரும், இவ்விதையை நாள்தோறும் உண்ணத் தொடங்குமுன் தம் வைத்தியரிடம் ஒரு சொல் கேட்டல் வேண்டும்.

உலர்ந்த விதையின் அபாயம்

பையைத் திறந்து, ஒரு கரண்டி விதையை அப்படியே வாயிலிட்டு நீர் குடிக்கும் வழக்கம் சிலரிடம் காணப்படுகின்றது. இதனை வன்மையாகக் கண்டிக்க வேண்டியவர்களாக இருக்கின்றோம். 2014ஆம் ஆண்டில் அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர்களின் மாநாட்டில் ஒரு செய்தி எடுத்துரைக்கப்பட்டது. 39 வயதான ஒருவர் ஒரு மேசைக்கரண்டி உலர்ந்த சியாவை விழுங்கி உடனே ஒரு கிண்ணம் நீர் பருகினார். விதை உணவுக் குழாயினுள்ளேயே உப்பி அதனை அடைத்துக்கொண்டது. வைத்தியர்கள் குழாய்க் கருவியை உட்செலுத்தியே அதனை நீக்க வேண்டியதாயிற்று. கிண்ணத்தில் நிகழ வேண்டிய வீக்கம் தொண்டையில் நிகழ்ந்தால் விளைவு இதுவே.

ஆகவே சிறு குழந்தைகள் கையெட்டும் இடத்தில் உலர்ந்த விதையை வைக்காதீர்கள். விழுங்குதற்கு இடர்ப்படும் முதியோர்க்கும், குடலடைப்பு நோய் கண்டவர்க்கும் இதனைக் கொடாதீர்கள். புதிதாகத் தொடங்குவோர் முதல் வாரத்தில் நாளுக்கு ஒரு தேக்கரண்டியோடு நின்று, பின்னர் மெல்லக் கூட்டுக. இல்லையேல் வயிறு ஊதி வருத்தும். பகல் முழுவதும் நீரையும் போதிய அளவு பருகுதல் வேண்டும். நீரின்றி உண்ட நார், மலச்சிக்கலைத் தீர்ப்பதற்குப் பதிலாக அதனைப் பெருக்கிவிடும். நமது கசகசாவுக்கும் இவ்விதிகள் யாவும் பொருந்தும்.

இல்லாதார்க்கு வழி

இனி, முன்னர்க் கூறிய இல்லாமைக்கு வருவோம். சியா பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது, விலையும் உயர்ந்தது. அதனை வாங்க முடியாத தாய், தன் பிள்ளைக்கு ஏதோ ஒரு பெரும் பேற்றைத் தரத் தவறிவிட்டதாக எண்ணி வருந்துதல் வேண்டா. சியாவில் உள்ள எந்தச் சத்தும் அதற்கு மட்டுமே உரியதன்று.

நார்ப்பொருளுக்கும் குளிர்ச்சிக்கும் நமது கசகசா உண்டு. அதன் எண்ணெயிலும் அதே ஒமேகா-3 அமிலம் மிகுந்துள்ளது. அது சியாவைக் காட்டிலும் விரைவில் உப்பும். ஆனால் மணி மணியாகத் தனித்து நிற்குமேயன்றிப் பாலை அவ்வளவு சீராக இறுக்காது. ஆதலால், சவ்வரிசிக் கஞ்சி ஒரு கோப்பையில், முன்னரே நீரில் ஊறிய கசகசா இரண்டு மேசைக்கரண்டியும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்த்து ஆறவைத்தால், அதுவே நல்லதொரு புடிங்.

கல்சியத்துக்குக் குரக்கன் இருக்கின்றது. 100 கிராம் குரக்கனில் 340 மில்லிகிராம் அளவிற் கல்சியம் உண்டு. அதனை நாம் ஒரு தேக்கரண்டியாகவன்றி ஒரு பிடி பிடியாக உண்கின்றோம் என்பதனால், கிடைக்கும் பயனும் பெரிது. இரவிலே கரைத்து வைத்த குரக்கன் மாவைக் காலையிற் பத்து நிமிடம் காய்ச்சினால் கூழ் ஆயிற்று. புரதத்துக்கு அவித்த கடலை, பயறு, ஒரு பிடி கச்சான் ஆகியவை போதும். வளரும் பிள்ளைக்குச் சியாப் புடிங் கொடுப்பவர்களும் அதனோடு ஒரு வாழைப்பழமும் ஒரு பிடி கச்சானும் கொடுக்கவே வேண்டும். ஏனெனில் அக்கிண்ணம் மாத்திரம் மதியம் வரை ஓடியாடும் பிள்ளைக்குப் போதிய உணவாகாது.

ஆக, வாங்க வல்லார் வாங்கி உண்க. வாரத்தில் மூன்று நான்கு நாள், அளவோடு, நன்கு ஊறவைத்து உண்க. வாங்க இயலாதார் கசகசாவையும் குரக்கனையும் பயறையும் நாடுக. அவர்கள் எதனையும் இழந்தவரல்லர். இரு சாராரும் மறவாது செய்யத்தக்கது ஒன்றே. நாளை திங்கட்கிழமை, பள்ளிக்கூட மணி வழமைபோல ஒலிக்கும். இன்றிரவு படுக்கைக்குச் செல்லுமுன் ஏதேனும் ஒரு தானியத்தையோ விதையையோ நீரில் இட்டு வைத்துவிடுங்கள். காலையில் வெறுந்தேநீரோடு மாத்திரம் உங்கள் பிள்ளை படலையைத் தாண்டாதிருக்கட்டும்.

அடுத்த ஞாயிறு, குரக்கன் பற்றிச் சற்று விரிவாகப் பேசுவோம்.